வண்டி ஏன் பேசவில்லை?

சென்ற வாரம் பாத்ஃபைண்டர் கலத்தைச் செவ்வாய்த் தரையில் விட்டுவிட்டு வந்தோம். காற்றுப்பைகளோடு குதித்து, உருண்டு, உடையாமல் நின்றுவிட்டது. 1997 ஜூலை 4. பாசடீனாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஒரே ஆரவாரம்.

அது சுமந்து வந்த வண்டியைச் செய்தவர்களுக்கு வேலை இனிமேல்தான்.

டோனா ஷிர்லியை நினைவிருக்கும். பெண்ணால் பொறியாளராக முடியாது என்று ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆலோசகர் முகத்துக்கு நேரே சொன்னது இவரிடம்தான். (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அந்தக் கதைக்கும் வருவோம்.) கலம் இறங்கியபோது அவர் செவ்வாய்த் திட்டத்துக்கே தலைவி. ஆனாலும் சோஜர்னர் என்ற இந்த வண்டி அவர் குழு பெற்ற பிள்ளை. ஆறு சக்கரம், பத்தரைக் கிலோ.

வளர்த்தது லேசிலா? கலம் கட்டியவர்களுக்கு வண்டி ஒரு கூடுதல் சுமை. எடை கூடும், செலவு கூடும், கோளாறும் கூடலாம். இரண்டரைக் கோடி டாலர், அதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் கடையில் கிடைக்கும் மோட்டரோலா ரேடியோ மோடத்தை வாங்கிப் பொருத்தினார்கள். வண்டி கலத்தோடு பேச அது ஒன்றுதான் வழி. சூடும் குளிரும் மாறினால் அதன் அலைவரிசை நழுவும். அது குழுவுக்குத் தெரியும். தெரிந்தேதான் துணிந்தார்கள்.

முதல் படங்கள் வந்தன. சரியாகச் சுருங்காத காற்றுப்பை ஒன்று வண்டியின் வழியை மறித்துக் கிடந்தது. கலத்தின் பக்கங்கள் இதழ்களாக விரிந்திருந்தன. வண்டி நிற்கும் இதழை 45 டிகிரி தூக்கு, பையை உள்ளே இழு, இதழை மறுபடி இறக்கு. கட்டளை போய்ச் சேரவே பத்து நிமிடத்துக்கு மேல்.

பலித்தது! வழி திறந்தது.

அப்போதுதான் அடுத்த இடி.

வண்டியிலிருந்து தகவல் ஒழுங்காக வரவில்லை.

கலம் நலம். படங்கள் பளிச்சென்று வருகின்றன. அதன் மேலேயே நிற்கும் வண்டியின் பேச்சு மட்டும் அறுந்துபோகிறது. குளிரா? மென்பொருளா? சிக்கனமாக வாங்கிய அந்த மோடமா? யாரிடமும் பதில் இல்லை. செவ்வாயில் பொழுது சாய்ந்தது. இனி விடியும்வரை எதையும் கேட்க முடியாது.

ஏழு நாள் ஓடினால் போதும் என்று செய்த வண்டி. முதல் நாள் போயே போய்விட்டது, ஒரு சக்கரம்கூட மண்ணைத் தொடாமல்.

குழுவினர் இரவெல்லாம் காரணத்தைத் தேடினார்கள்.

செவ்வாயில் விடிந்தது. கலம் கண்விழித்தது.

வண்டி?

(அடுத்த வாரம்)