மதில் ஏறுதல் தடுப்பு

வீடு, மாந்தோப்பு, கிடங்கு, விலங்குக் காட்சிசாலை முதலியவற்றின் சுற்றுச்சுவரைப் பிறர் ஏறிக் கடக்காதபடி அதன் தலைப்பில் அமைக்கும் கண்ணாடிச் சில்லு, ஈட்டிமுனைக் கம்பி, முள்கம்பி, சுருள் முள்கம்பி, மின்வேலி ஆகியவை மதில் ஏறுதல் தடுப்பு எனப்படும். காம்பவுண்டு சுவர் கட்டும் ஒவ்வொருவரையும் தொடும் பொருள் இது என்றாலும், யானைக்காடும் விளைநிலமும் நகரமும் அடுத்தடுத்துக் கிடக்கும் சித்தூர் மாவட்டத்திலும், அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து 2022 ஏப்ரல் 4 அன்று அமைந்த திருப்பதி மாவட்டத்திலும் இதன் சட்டச் சிக்கல்கள் தெளிவாகத் தெரிகின்றன.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை அடுக்கிச் சொல்லும்போது கைபெயர் ஊசி என்ற ஒன்றையும் குறிப்பிடுகிறது. மதிலின் தலையைப் பற்றுவோர் கையைக் குத்தும் ஊசி என உரைகாரர் அதற்குப் பொருள் கொள்வர். அது பகைவனை எதிர்நோக்கிய கோட்டை மதில். இன்றைய இந்தியச் சட்டமோ, வேலி தாண்டி வருபவனைக் குற்றவாளியாகக் கருதலாமே தவிரப் பகைவனாகக் கருதுவதில்லை. இத்துறையின் விதிகள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இதனை நிலைநாட்டிய வழக்கு செருபின் கிரிகரி எதிர் பீகார் மாநிலம் என்பதாகும். பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோனதால் அவ்வீட்டுப் பெண் தன் கழிப்பறைக்கு வந்துபோவதை வாய்ச்சொல்லால் தடுக்க முடியாத ஒருவர், அங்குச் செல்லும் வழியின் குறுக்கே உறையில்லாச் செம்புக் கம்பியைக் கட்டி, வீட்டு மின்சாரத்தை அதில் பாய்ச்சினார். 1959 சூலையில் அதைத் தொட்ட அப்பெண் இறந்தார். வந்தவர் அத்துமீறி நுழைந்தவர் என்ற வாதத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறியவருக்கு உரிமையாளர் காட்ட வேண்டிய கவனம் குறைவானதுதான் என்றாலும், அவர் சட்டத்தின் காப்புக்கு வெளியே நிற்பவர் அல்லர் என்றும், காயமோ சாவோ விளைவிக்கக்கூடிய பொறியை வேண்டுமென்றே வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் கூறி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை உறுதிசெய்தது. கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்ற எச்சரிக்கை எதுவும் அங்கு இல்லாததும் கருத்தில் கொள்ளப்பட்டது. தோட்டங்களில் மறைத்து வைத்த துப்பாக்கிப் பொறிகளை இங்கிலாந்து 1827ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுத்திருந்தது.

கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை விதித்தது; 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதனை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியுள்ளது. சொத்தைக் காக்கும் தற்காப்பு உரிமையைப் புதிய சட்டமும் அளிக்கிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கை அதன் 37ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வந்தவர் திருடனா, பந்து எடுக்க ஏறிய சிறுவனா என்று பொறிக்குத் தெரியாது; ஆளறியாமல் தாக்குவதை அளவறிந்த தற்காப்பு என்று வாதிடுவது கடினம். ஆகவே கண்ணுக்குப் படும்படி நிற்கும் முள்கம்பிக்கும் மறைவாக வைக்கும் பொறிக்கும் சட்டத்தின் பார்வையில் பெரும் தொலைவு உண்டு. உடைத்த பாட்டிலைச் சிமெண்டில் பதிக்கும் பழைய வழக்கம் இரண்டுக்கும் இடைப்பட்டது. உயரத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டடக் கையேடு சிறப்பு அனுமதி இல்லாத சுற்றுச்சுவருக்கு 1.5 மீட்டரையும், மேற்பகுதி 0.9 மீட்டர் திறந்த அமைப்பாக இருந்தால் 2.4 மீட்டரையும் எல்லையாகச் சொல்கிறது. உள்ளாட்சி விதிகள் இதனின்று வேறுபடலாம்.

மின்வேலியில் மக்கள் பெரிதும் குழப்பிக்கொள்வது துடிப்பாக மின்னழுத்தம் தரும் மின்வேலிக் கருவிக்கும் நேரடி மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை. தரவிதிப்படி அமைந்த கருவி, நொடிக்கு ஒன்றுக்கு மிகாமல், நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடியும் துடிப்புகளாக மின்னழுத்தத்தை வெளியிடுவதால், தொட்டவர் அதிர்ந்து கையை எடுத்துக்கொள்ள இடைவெளி கிடைக்கிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரமோ தசையை இறுக்கிப் பிடித்தவரை விடாமல் கொல்லக்கூடியது. மதில்மேல் அமைப்பதானால், மின்கம்பியை வெளியார் தவறுதலாகத் தொடாதபடி தனித் தடை இருப்பதும், படிப்பறியாதவருக்கும் புரியும் எச்சரிக்கைப் பலகைகள் இருப்பதும் அடிப்படைத் தேவைகள்.

சித்தூர் மாவட்டத்தின் பலமநேர், குப்பம் பகுதிகளில் 1990இல் அறிவிக்கப்பட்ட கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயத்தின் ஓரத்தில் இந்த வேறுபாடே உயிர்ப் பிரச்சினையாகிறது. அங்கு யானைகளைத் தடுக்கச் சூரிய மின்வேலியும் அகழியும் அமைத்துள்ளனர். மின்கம்பியில் கொக்கி போட்டு வேலியில் நேரடி மின்சாரம் விடுவதோ பெருங்குற்றம். அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி மின்திருட்டு. யானை இறந்தால் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கைக் கொன்றதாகி, மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறைக்கு வழிவகுக்கும். ஆள் இறந்தால் மேற்கூறிய தண்டனைப் பிரிவுகளும் சேரும்.

ஏறுபவரின் உயிரையே காக்க நிற்கும் தடைகளும் உண்டு. திருப்பதியில் 1987இல் தொடங்கிய சிறீ வெங்கடேசுவரா விலங்கியல் பூங்காவில், 2024 பிப்ரவரி 15 அன்று பார்வையாளராக வந்த ஒருவர் வேலியேறிச் சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கி, அதனால் கொல்லப்பட்டார். விலங்குக் காட்சிசாலைகளுக்கான 2009ஆம் ஆண்டு அங்கீகார விதிகள் குறைந்தது இரண்டு மீட்டர் உயரச் சுற்றுச்சுவரையும், அடைப்புகளின் முன்னே பார்வையாளரை விலக்கி நிறுத்தும் தடையையும் வேண்டுகின்றன. வாயில் வழியே உள்ளே வந்தவருக்கும் சிங்கத்துக்கும் இடையே இருந்தவை, சுற்றுச்சுவரைத் தவிர்த்த உள்தடைகள் மட்டுமே.