204 பேரில் 94 பேர்

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், ஓகஸ்ட் 6ஆம் திகதி நெருங்கும்போதெல்லாம் ஹிரோஷிமாவைப் பற்றி எழுத நேரும். காகிதக் கொக்குகள் மடித்த சிறுமி சடாகோ சசாகியின் கதையை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். 1945இல் குண்டு வீழ்ந்தபோது அவளுக்கு வயது 2. 1955 ஒக்ரோபரில் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது வயது 12. அவளைக் கொன்றது அக்குண்டே என்று தயக்கமின்றி எழுதினேன். அதனை எவ்வாறு அறிந்தார்கள் என்று கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். கதிர்வீச்சால் வந்த இரத்தப் புற்றுநோயையும் தானாக வந்ததையும் ஒரு நோயாளியைப் பரிசோதித்து வேறுபடுத்திவிட முடியாது. 1940களின் இறுதியில் ஹிரோஷிமாவின் இளம் மருத்துவர் டகுசோ யமவாகி, உயிர் தப்பியோரிடையே இந்நோய் பெருகுவதைக் கண்டு, நோயாளரைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். குண்டு வெடித்த இடத்துக்கு அண்மையில் இருந்தோரிடையே நோய் அதிகம். தொலைவில் இருந்தோரிடையே குறைவு. தூரமே முதற் சாட்சியாயிற்று.

கலிபோர்ணியாவில் பழ ஈக்களை ஆராய்ந்துவந்த எட்வர்ட் லூயிஸ், 1957இல் அத்தரவுகளை எடுத்துக்கொண்டார். முள்ளந்தண்டு நோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றோர், கதிரியல் மருத்துவர்கள் ஆகியோரின் கணக்குகளையும் சேர்த்து ஒரு நேர்கோட்டை முன்வைத்தார். கதிரளவு கூடக் கூட ஆபத்தும் அதே விகிதத்திற் கூடும். ஆபத்தற்ற அளவென்று ஒன்று உண்டென்பதற்கு இத்தரவுகளிற் சான்றில்லை என்றார். அணுவாயுதப் பரிசோதனைகளின் தூசு உலகெங்கும் படிந்துகொண்டிருந்த காலம் அது. அக்கோடு பெரும் சர்ச்சையை எழுப்பியதில் வியப்பில்லை.

நீண்டகால ஆய்வுகள் அதனைத் திருத்தின. இந்நோய்க்கு நேர்கோட்டினும் மேல்நோக்கி வளையும் கோடே நன்கு பொருந்தியது. ஆபத்து 6 முதல் 8 ஆண்டுகளில் உச்சமடைந்தது. சிறுவயதிற் கதிர்வீச்சுக்கு உட்பட்டோருக்கு அது அதிகமாக இருந்தது.

இரு நகரங்களிலும் குறிப்பிடத்தக்க கதிரளவு பெற்று, ஆய்வில் இடம்பெற்ற ஏறத்தாழ 49,000 பேரில், 1950 முதல் 2000 வரை 204 பேர் இரத்தப் புற்றுநோயால் மாண்டனர். குண்டு வீழாதிருந்தாலும் சுமார் 110 பேர் இறந்திருப்பர். மேலதிகமானோர் 94 பேர். அந்த 94 பேர் யாவர்? கணிதம் எண்ணைத் தரும், பெயரைத் தராது.

சடாகோ இருந்தது சுமார் 1.7 கிலோமீற்றர் தொலைவில். இன்று எழுதினாலும் அந்த வரியை நீக்கமாட்டேன். ஆனால், அதனருகே யமவாகியின் பெயரையும் எழுதுவேன்.