புத்தளத்து உப்பு

நகரத்துத் துரித உணவுச்சாலைகளில் பொரித்த உருளைக்கிழங்குடன் தக்காளிச் சோசும் மிளகாய்ச் சோசும் பரிமாறப்படுகின்றன. உண்போர் அவற்றின் நிறத்தையும் காரத்தையும் பாராட்டுவர். அவை எல்லாவற்றினுள்ளும் கரைந்து நிற்கும் உப்பை எவரும் நினைப்பதில்லை. மிளகாயும் தக்காளியும் போர்த்துக்கேயர் காலத்திலும் அதன் பின்னரும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இப்பகுதிக்கு வந்தவை. உப்போ இலங்கையின் கரையிலேயே தொன்றுதொட்டு விளைந்து வருவது. அதன் வரலாறு, சுவையின் வரலாறு மட்டுமன்று, ஆட்சியின் வரலாறுமாகும்.

குறிஞ்சிப்பிட்டி அமைந்துள்ள கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதிக்கு மிகுந்த மழையைக் கொணர்வதில்லை. காற்றையும் வெயிலையுமே தருகின்றது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்றச் செய்கையில், முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிகின்றன. அதன் பின்னரே கறியுப்பு விளைகின்றது. எஞ்சும் கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிடின் உப்பும் கசந்துவிடும். ஆதலின் உப்பு விளைவிப்பது, வெயிலை நம்பிக் கைகட்டி இருக்கும் தொழிலன்று. நாளையும் நீரையும் அறிந்து செய்யும் தொழிலாகும்.

மலைநாட்டிலே உப்பு விளைவதில்லை. பாக்கு முதலிய பண்டங்களைக் கரைக்கு அனுப்பி, உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றிச் செல்வது கண்டி நாட்டாரின் வழக்கம். இதனை ஒல்லாந்தர் நன்குணர்ந்திருந்தனர். 1667 முதல் 1676 வரை அவர்கள் கற்பிட்டியில் எழுப்பிய கோட்டை, களப்பின் வாயிலைக் காத்து நின்றது. கண்டி அரசனின் வாணிபம் அவர்களுடைய கண்காணிப்புக்குள் அகப்பட்டது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. சிலாபம், புத்தளம் உப்பளங்களில் கண்டிக் குடிகள் உப்பு எடுத்துச் செல்ல அனுமதி வழங்கப்பட்டது. தன் முன்னோர் உரிமையாகக் கருதியதை அரசன் பிறரின் அனுமதியாகப் பெற நேர்ந்தது. கோட்டையை முற்றுகையிடாமலே ஒரு நாட்டின் அடுப்படியைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பின்வந்த ஆங்கிலேயர் உப்பைத் தனியுரிமையாக்கி வருமானம் தேடினர். விளைவித்தவர் அரசாங்கத்துக்கே விற்க வேண்டும்; விலையையும் அரசாங்கமே விதித்தது. கரையிலே இயற்கையாகப் பூத்த உப்பை அனுமதியின்றி அள்ளுவதும் குற்றமாயிற்று. கடல் இலவசமாகக் கொடுத்ததை ஏழை விலைகொடுத்து உண்டான்.

அக்காலம் கடந்துவிட்டது. 1995 முதல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாகி, கழலை நோயைத் தடுக்கும் பணியையும் உப்பு ஏற்றது. ஆயினும் அது முழுவதும் மனிதர் வசமாகிவிடவில்லை. 2025இல் மழை மிகுந்து புத்தளத்து விளைவு கெட்டபோது, நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கை இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

கண்டி அரசன் கோட்டையின் தயவை எதிர்பார்த்தான். இன்றைய உணவுச்சாலை வானத்தின் தயவை எதிர்பார்க்கின்றது. இரண்டுக்கும் இடையே வெயிலில் நின்று பாத்தி காப்பவர் உப்பளத் தொழிலாளரே. உண்பவர் நினைப்பினும் மறப்பினும், மேசையிலுள்ள ஒவ்வொரு சிட்டிகை உப்பிலும் அத்தகையோர் உழைப்பு கரைந்திருக்கின்றது.