பழைய சேலையும் புது வளையலும்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் நிறைமாதம் ஆன பிறகும் பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு சட்டைகூட வாங்கிவைப்பதில்லை. தொட்டில் கொண்டுவரக்கூடாது, பெயர் பேசக்கூடாது, பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். முன்யோசனை இல்லாத சனம் என்று வெளியாருக்குத் தோன்றலாம். அந்த வீட்டுப் பரணையும் அஞ்சறைப் பெட்டியையும் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஆயிரம் தடவை துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பாட்டியின் நூல் சேலைகள் இரண்டு மூன்று, வெயிலில் காய்ந்து மடிப்பாக இருக்கும். பழைய வேட்டி சதுரம் சதுரமாகக் கிழிபட்டிருக்கும். பேறுகால மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் ஓமமும் கருப்பட்டியும், உரைமருந்துக்கு ஜாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் வந்து சேர்ந்திருக்கும். கூடவே வசம்பு இருக்கும். அதற்குப் ‘பேர் சொல்லா மருந்து’ என்றே ஒரு பெயர் உண்டு. ஆக, தயாரிப்பு நடந்திருக்கிறது. நடந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கேட்டால், ‘பழந்துணிதானே, கிடந்தது’ என்பார்கள். பிள்ளை தங்காமல் போனால் அந்தத் துணி மறுபடி வெறும் பழந்துணியாகிவிடும். புதிதாக வாங்கிய குட்டிச் சட்டை அப்படி மாறாது; கண்ணில் படும்போதெல்லாம் அறுக்கும்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சாட்சி சாலையோரங்களில் கல்லாகவே நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தால் அது சுமைதாங்கி. தலைச்சுமைக்காரர் சுமையை இறக்கவும் மறுபடி தூக்கவும் இன்னொரு கை வேண்டும். தோள் உயரத்தில் இந்தக் கல் இருந்தால் தனி ஆளாகவே சுமையை அதில் தள்ளி இளைப்பாறிவிட்டு, திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமையை இந்தக் கல் வாங்கிக்கொள்ளட்டும் என்பது கருத்து. சாலையை அகலப்படுத்துகிறபோது பெயர்த்து எறியப்படுகிற கற்களில் இவையும் உண்டு. பேறுகாலச் சாவுக்கென்று தனியாக ஒரு நினைவுச்சின்ன வகையையே வைத்திருந்த சமூகம், பிள்ளை பிறக்குமுன் சட்டை தைக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

இதெல்லாம் வறுமைக்குப் பூசிய மெருகு, பழந்துணிதான் கைவசம் இருந்தது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பாதி சரி. கஞ்சி போட்ட புதுத்துணி பச்சைக்குழந்தை தோலுக்கு ஆகாது என்பதும் சரி. ஆனால் அதே வீடு அதே மாதங்களில் தாராளமாகச் செலவழிக்கிறது. வளைகாப்புக்கு டஜன் டஜனாகப் புதுக் கண்ணாடி வளையல், புதுப்புடவை, சந்தனம், தலைநிறையப் பூ, புளிசாதம் எலுமிச்சை சாதம் தேங்காய் சாதம் தயிர்சாதம் சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சோறு. வறுமைதான் காரணமென்றால் கை இங்கும் சுருங்கியிருக்கும். புதியதெல்லாம் தாய்க்கு, பழையது பிள்ளைக்கு என்றுதான் கணக்கு. தாய் கண்முன் இருக்கிறாள். பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை.

வளைகாப்பையும் சீமந்தத்தையும் ஒன்றாகவே பேசுவது இப்போது பழகிவிட்டது. பத்திரிகையிலும் இரண்டையும் ஒரே வரியில் அச்சடிக்கிறார்கள். இரண்டின் போக்கும் வேறு. வீட்டுச் சடங்குகளை வகுத்துச் சொல்லும் கிருஹ்ய சூத்திரங்களில் வரும் சீமந்தம் கணவன் செய்யும் சடங்கு. முள்ளம்பன்றி முள், தருப்பை, அத்திக்காய்க் கொத்து ஆகியவற்றால் மனைவியின் வகிட்டை அவன் பிரிக்கிறான். வீணை வாசிப்பவர்களைப் பாடச் சொல்கிறான். அந்தச் சூத்திரகாரர்களில் ஆசுவலாயனர் இதற்கு 4ஆம் மாதத்தைச் சொல்கிறார். பாரஸ்கரர் 6 அல்லது 8 என்கிறார். வளைகாப்பில் கணவனுக்குப் பெரிதாக வேலை இல்லை. பெண்கள் கூடி, பெண்ணுக்கு, 5, 7, 9 என்று ஒற்றைப்படை மாதத்தில் செய்வது அது. வளைகாப்பு முடிந்த கையோடு பல குடும்பங்களில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். எந்த வீட்டில், யார் பொறுப்பில் பிரசவம் என்பதை இரு வீட்டாரும் ஊரறிய முடிவுசெய்யும் நாள் அது. சோறும் பூவும் அதைச் சுற்றி வந்தவை என்றே எனக்குப் படுகிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது மாறாத விதியாக இருந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையில் நிறைசூலியான ரத்னாவதி புகுந்த வீட்டில்தான் இருக்கிறாள். பூம்புகாரிலிருந்து தாய்தான் மகளைத் தேடிப் புறப்படுகிறாள். காவிரி வெள்ளம் அவளை மறித்துவிட, சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். கடவுளிடம் அந்தக் கதை கேட்பது தொட்டிலோ பாலாடையோ அல்ல, பக்கத்தில் ஒரு தாய். வீடு மாறலாம், கூட இருக்கும் ஆள் மாறக்கூடாது.

வளையல் ஓசை கருவிலிருக்கும் குழந்தையின் காதுக்கு நல்லது, முன்னோர் அறிவியல் அறிந்துதான் வைத்தார்கள் என்று இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஏழாம் மாதத்தில் கருவுக்குக் காது கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓசைக்காகத்தான் என்றால் இரண்டாம் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் அதே காதுதானே. பெரும்பாலும் தலைச்சன் பிள்ளைக்கு மட்டும் ஏன் வளைகாப்பு? வளைகாப்பின் மேலேயே இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. விதவைத் தாய் தன் மகளுக்கே வளையல் போட முடியாமல் ஓரமாக நிற்க நேர்ந்தது. பிள்ளையில்லாதவள் அழைக்கப்படவில்லை, அழைக்கப்பட்டால் பரிதாபப் பார்வைக்கு ஆளானாள். பிரசவத்தைத் தன் கையால் பார்த்த மருத்துவச்சி, பல ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண், கூலியாக நெல்லும் சேலையும் வாங்கினாளே தவிர, வளையல் அடுக்கும் வரிசையில் அவளுக்கு இடமில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல வரலாற்றில் எதுவும் இல்லை. உயிரைக் காப்பாற்ற வேண்டியவளை ஒதுக்கிவைத்து நடந்த காப்பு அது.

காப்பு போதவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. சென்னையில் 1844இலேயே பிரசவ மருத்துவமனை வந்துவிட்டது; இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை அதன் தொடர்ச்சி. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட, ஆண் மருத்துவரை அனுமதிக்காமல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். வேலூரில் அவர் மருத்துவமனை 1902இல் எழுந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. நூற்றுக்கு 45 அறுவைப் பிரசவம் என்பதால், பிறந்தநாளே முன்கூட்டித் தெரிந்துவிடுகிற வீடுகளும் உண்டு.

பயம் குறைந்தால் வழக்கமும் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் தேயவில்லை; அரசாங்கமே அதைக் கையில் எடுத்துக்கொண்டது. கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்து, வளையல் அணிவித்து, கலவை சாதம் பரிமாறிச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்கள். வெறும் அரசியல் மேடை என்று கேலி பேசுவோர் உண்டு. அமைச்சர் வரத் தாமதமாகி, நிறைமாதப் பெண்கள் நாற்காலியில் காத்திருந்தால் அந்தக் கேலி நியாயம். ஆனாலும் பல சாதிப் பெண்கள் ஒரே வரிசையில் வளையல் போட்டுக்கொள்வது வீட்டு வளைகாப்பில் நடக்காத காரியம். பிரசவத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு நாள் குறித்து ஆள் சேர்த்துப் பதில் சொல்வதும் அதே பழைய வேலைதான். தாய்வீடு இருந்த இடத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்திருக்கிறது.

அரசு தரும் பொருட்களிலும் பழைய வரிசை குலையவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அதில் ஒரு பகுதி, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், துண்டு என்று ஊட்டச்சத்துப் பெட்டகமாகக் கர்ப்பகாலத்திலேயே தாய் கைக்கு வருகிறது. குழந்தைச் சட்டையும் குட்டி மெத்தையும் கொசுவலையும் கிலுகிலுப்பையும் அடங்கிய பெட்டகம் 2015இல் அறிமுகமானது. 16 பொருள், அதில் தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியமும் உண்டு. அந்தப் பெட்டகத்தைக் குழந்தை பிறந்த பிறகுதான் கொடுக்கிறார்கள்.