உயிர்ப்புக் காலத்து மஞ்சள் மலர்

ஹயசிந்து என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஏரியையும் குளத்தையும் மூடி மறைக்கும் ஆகாயத் தாமரையே நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் அந்த நீர்க்களைக்கும் அதே பெயரைச் சூட்டியதால் வந்த குழப்பம் அது. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட மலருக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. இது மண்ணில் வளர்வது; வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது; ஒற்றைத் தண்டைச் சுற்றி மணிமணியாய்ப் பூக்கள் நெருங்கி நிற்பது. நம் ஊர்ச் சம்பங்கியின் வாசனையை அறிந்தவர்கள் இதன் மணச்செறிவை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

உயிர்ப்பு ஞாயிறன்று உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தை அலங்கரிக்கும் மலர்களைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். மஞ்சளும் வெள்ளையும் திருத்தந்தையின் கொடிக்குரிய நிறங்கள். ஆகவே மஞ்சள் மலர்களுக்கு அங்கே தனி இடமுண்டு. அவை பல்லாண்டுகளாக ஹாலந்து நாட்டிலிருந்து வந்தவை. ஆனால் ஹயசிந்தின் மஞ்சள் நிறம் இயற்கை எளிதில் அளித்த கொடையன்று. துருக்கியின் தென்பகுதியிலும் சிரியாவிலும் லெபனோனிலும் மலைச்சரிவுகளில் தானாகப் பூக்கும் ஹயசிந்து நீலம் கலந்த நிறமுடையது. அது 16-ஆம் நூற்றாண்டில் துருக்கிப் பேரரசின் வழியாக ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தது. அதைப் பேணி வளர்ப்பதில் ஏனைய நகரங்களையெல்லாம் விஞ்சி நின்றது ஹார்லெம்.

அந்நகரின் பெயர் திருச்சபை வரலாற்றில் துயரத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. 1578-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவன்று, படைவீரர்கள் புனித பாவோ பேராலயத்துள் புகுந்து சூறையாடினர். குரு ஒருவர் உயிரிழந்தார். அன்று பறிபோன அந்த ஆலயம் கத்தோலிக்கருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீடுகளின் மாடியிலும் கிடங்குகளின் உட்புறத்திலும் மறைவாகவே திருப்பலி கண்டனர். அந்நாட்டில் ஆயர்கள் மீண்டும் நியமிக்கப்பட்டது 1853-இல்தான். இதே காலத்தில்தான் நகருக்கு வெளியே, கடலோர மணற்குன்றுகளை அடுத்த நிலங்களில், மலர்த்தொழில் செழித்தோங்கியது.

அத்தொழிலில் பெயர் பெற்ற குடும்பம் வோர்ஹெல்ம் குடும்பம். அக்குடும்பத்தைச் சேர்ந்த பீட்டர் வோர்ஹெல்ம், அடுக்கு இதழ்களோடு பூத்த ஹயசிந்துகளைக் கண்டால் பிடுங்கி எறிந்துவிடுவாராம். அவை விதை தருவதில்லை. ஆகவே குறையுள்ளவை என்பது அவர் கணிப்பு. ஓராண்டு அவர் நோயுற்றுப் படுத்தார். எழுந்து தோட்டத்திற்கு வந்தபோது பூக்காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிடுங்குவாரின்றி மூலையில் நின்ற அடுக்குப் பூ ஒன்று கண்ணில் பட்டது. அதன் அழகு அவரை நிறுத்தியது. அதை வளர்த்தார்; வாங்குவாரும் வந்தனர். பின்னர் அவர் வளர்த்த அடுக்குப் பூ ஒன்றின் கிழங்கு, இங்கிலாந்து மன்னரின் பெயர் தாங்கி, ஆயிரம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. இந்நிகழ்ச்சியை அதே குடும்பத்தவரான ஜார்ஜ் வோர்ஹெல்ம், ஹயசிந்தைப் பற்றி 1752-இல் ஹார்லெமில் வெளியிட்ட பிரெஞ்சு நூலில் எழுதி வைத்தார். கட்டுவோர் தள்ளிய கல்லைப் பற்றிய திருப்பாடலை உயிர்ப்புக் காலத்தில் பாடும் நமக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தப் பூவைக் காப்பாற்றியது பீட்டரின் அறிவன்று, அவரது காய்ச்சல்!

வெள்ளை, இளஞ்சிவப்பு என நிறங்கள் பெருகின. மஞ்சளோ மிகப் பிந்தியே வந்தது. வந்தபோதும் வெளிறியே இருந்தது. இதற்கிடையில் விவசாயிகள் விரும்பாத வேறொரு மஞ்சளும் வயல்களில் புகுந்தது. கிழங்கை அறுத்தால் உள்ளே மஞ்சள் நிறச் சளி வடியும். அதனை 'மஞ்சள் நோய்' என்றே அழைத்தனர். வாக்கர் என்னும் இளம் அறிஞர் 1880-களில் அதனை ஆராய்ந்து, பாக்டீரியாவே அதற்குக் காரணம் எனக் கண்டார். பாக்டீரியாவால் செடிகளும் நோயுறும் என்று உலகுக்குக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளுள் அது ஒன்று. நோயுற்ற செடியைத் தோண்டி அழிப்பதன்றி அன்று வேறு மருந்தில்லை.

பயிரிடும் முறையும் எளிதன்று. இக்கிழங்குக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. மணலடியில் நிலத்தடி நீரை ஏறத்தாழ இரண்டடி ஆழத்தில் நிறுத்திவைத்துக் காக்கின்றனர். இலையுதிர் காலத்தில் நட்டால், குளிரைப் பல வாரங்கள் தாங்கிய பின்னரே ஏப்ரலில் பூக்கும். இனத்தைப் பெருக்க விரும்புவோர் முதிர்ந்த கிழங்கின் அடிப்பகுதியைக் கத்தியால் குடைந்தெடுப்பர், அல்லது குறுக்கே கீறிவிடுவர். காயத்தின் ஓரத்தில் சிறு கிழங்குகள் கூட்டமாய்த் தோன்றும். தாய்க்கிழங்கு வற்றி ஒழியும். சிறு கிழங்கு பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். வயலில் பூத்தாலும் பூவை நிற்க விடுவதில்லை. வலிமை கிழங்குக்குள் இறங்க வேண்டுமென்று கொய்துவிடுகின்றனர். இவ்வேலை செய்வோரின் கைகளோ அரிப்பால் அவதியுறும். கிழங்கின் தோலிலுள்ள ஊசி போன்ற நுண்படிகங்கள் தோலில் ஏறுவதே அதற்குக் காரணம். விலையுயர்ந்த மலரைப் போற்றிய செல்வர்களுள் எத்தனை பேர் அந்தக் கைகளை நினைத்தார்களோ!

இவ்வளவு உழைப்புக்குப் பின் 1893-இல் கெர்ஸ்டன் என்பவர் வெளியிட்ட மஞ்சள் வகைக்கு 'ஹார்லெம் நகரம்' என்றே பெயர் வைக்கப்பட்டது. இளவெயிலின் நிறம், நெருங்கிய பூக்கள், நல்ல மணம். சற்றுப் பிந்திப் பூப்பது. இன்றும் தோட்டங்களில் விரும்பி நடப்படுவது அதுவே. அது வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1895-இல், பேராலயத்தை இழந்த ஹார்லெம் கத்தோலிக்கர் தங்கள் புதிய பேராலயத்தைக் கட்டத் தொடங்கினர். அவர்கள் அதற்கும் புனித பாவோவின் பெயரையே சூட்டினர். கட்டி முடிந்தது 1930-இல்.

ஹாலந்து மலர்கள் உரோமைக்குச் சென்ற வரலாறு ஒரு மறைசாட்சியோடு தொடங்குகிறது. கார்மேல் துறவி தீத்துஸ் பிராண்ட்ஸ்மா, நாசிகளின் விளம்பரங்களை வெளியிடக் கூடாது என்று கத்தோலிக்க நாளேடுகளை நேரில் சென்று கேட்டுக்கொண்டவர். அதற்காக 1942 ஜனவரியில் கைதானார். அதே ஆண்டு ஜூலை 26 அன்று டாஹவ் முகாமில் நச்சூசி போட்டுக் கொல்லப்பட்டார். 1985 நவம்பரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது பீடத்தை அலங்கரித்தவை ஹாலந்து மலர்கள். அவற்றைக் கண்டு மகிழ்ந்த உரோமை, உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் அம்மலர்களை வரவேற்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆண்டுதோறும் டச்சு மொழியிலேயே மலர்களுக்கு நன்றி கூறுவார்.

தீத்துஸ் 2022 மே 15 அன்று புனிதரானார். அதே திருப்பலியில் நம் மறைசாட்சி தேவசகாயமும் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவரை விசுவாசத்திற்கு அழைத்துவந்த டிலனாய், 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சு வணிகக் குழுமத்தின் கத்தோலிக்கப் படைத்தலைவர். தேவசகாயம் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டது 1752 ஜனவரியில். ஜார்ஜ் வோர்ஹெல்ம் தம் மலர் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்.

இத்தனை மலர்களுக்குச் செலவிடுவதா, அப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாகாதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி பெத்தானியா வீட்டில் நறுமணத் தைலம் மணத்தபோதே எழுந்தது. அங்கே அதைக் கேட்டவன் யார் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் கேள்வியே தவறு என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. அரிப்பெடுத்த கைகளுக்குரிய கூலி முறையாகக் கிடைத்திருந்தால் பீடத்தில் பூ நிற்பதில் எனக்கு மறுப்பில்லை.

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். மலரோ நாள்காட்டி அறியாதது. எனவே வளர்ப்போர் திருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கிழங்குகளைக் குளிரறையில் இருளில் வைத்திருக்கின்றனர். நாம் தவக்காலத்தின் பாதியைக் கடக்கும் வேளையில், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர், அங்கே குளிரறைக் கதவைத் திறந்து தொட்டிகளை வெளிச்சத்திற்கு எடுத்துவருவார்கள்.