பெரட்டுக்கு முன்னும் பின்னும்: தோட்டத்துப் பெண்களின் இரு வேலைகள்

மலாயா இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் வழங்கிய சொற்களைத் தொகுத்து நோக்கினால், எது வேலையாக எண்ணப்பட்டது என்பது புலனாகும். பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால் எனக் கூலி வேலையின் கூறுகளுக்கெல்லாம் பெயருண்டு. அவ்வேலையை ஆணும் பெண்ணும் ஒருங்கே செய்தனர்.

பெரட்டு என்பது விடியுமுன் ஆள்களை நிறுத்திப் பெயர் பதியும் கூட்டம். வெயில் ஏறினால் பால் வடிவது குறையுமாதலின் இருளிலேயே வேலை தொடங்கிற்று. பெண்ணின் நாளோ பெரட்டுக்கும் முன்னரே தொடங்கிற்று. அடுப்பு மூட்டிச் சமைத்து, உறங்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவந்தே அவள் நிரையில் நின்றாள். பாலை நிறுவைக்குக் கொடுத்துத் திரும்பிய பின் தண்ணீர், விறகு, துணி, மீண்டும் அடுப்பு. கணவனுக்கு நிறுவையோடு நாள் முடிந்தது. விதிவிலக்கான ஆண்களும் இருந்தனர். அவர்கள் கேலிக்குள்ளானதே வழக்கத்தின் வலிமையைக் காட்டும்.

1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இன் விலைவீழ்ச்சியில் அவை 40, 32 எனக் குறைந்தன, விகிதம் மாறவில்லை. குடும்பத்தைத் தாங்குபவன் ஆண், பெண்ணின் ஈட்டம் துணை வருமானம் என்னும் கருத்தே இதற்கு அடிப்படை என்று கருதுகிறோம். இதில் துரைமாருக்கும் நம்மவர்க்கும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

நம் மொழியும் இதற்குச் சான்று. ‘இல்லாள்’ இல்லத்துக்கு உரியவள், ‘இல்லான்’ பொருளற்றவன். ‘இல்வாழ்வான்’ உண்டே எனலாம். திருக்குறளில் அச்சொல் பிறர்க்குத் துணைநிற்பவனைச் சுட்டுகிறது; அடுப்படியில் நிற்பவனை அன்று.

ஆயாக் கொட்டகையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை தாயின் பொறுப்பே என்னும் எண்ணம் அங்கும் மாறவில்லை. எனினும் குழந்தை காத்தலுக்கு ஓர் இடமும், சம்பளம் பெறும் ஓர் ஆளும், ஒரு பெயரும் அமைந்தன. பெண்ணின் இரண்டாம் வேலையில் கூலிக்குரியதாக ஏற்கப்பட்ட பகுதி ஏறத்தாழ இது ஒன்றே.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வளாகம் தோன்றிய பின், தோட்டத்துப் பெண்கள் பலர் ஆலைகளுக்குச் சென்றனர். பெரட்டின் இடத்தை ஷிப்ட் பிடித்தது. ஆயாக் கொட்டகை உடன்வரவில்லை. அதன் பணியைப் பாட்டிமார் ஏற்றனர். பாட்டி இல்லாத வீடுகளில், பள்ளிக்குச் செல்ல வேண்டிய மூத்த மகள் ஏற்றாள்.