சுல்தானின் உறவினர் சொன்ன சாட்சி

திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியிலிருந்து செங்கம் சாலை வழியே அண்ணாமலையார் கோயிலை அடைந்தால், உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம் நிற்கிறது. இவ்வூரைத் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர், 1342-இல் மதுரை சுல்தான் கியாஸுத்தீனிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். வைக்கோல் அடைத்த அவரது தோல் மதுரை மதிலில் தொங்கியதை நேரில் கண்டு எழுதியவர் மொராக்கோ பயணி இப்னு பதூதா.

அவர் மனைவியும் சுல்தானின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். ஆயினும், பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொல்வித்த கொடுமையை அவர் மறைக்கவில்லை, கண்டித்தார். மதுரை மக்களைக் கொள்ளைநோய் வாட்டியதையும் பதிவு செய்தார்.

உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு குர்ஆன் (4:135) பணிக்கிறது. ஆள்பவர் முஸ்லிம் என்பதாலேயே ஆட்சி நீதியாகிவிடாது. இன்றைய முஸ்லிம் நாடுகளின் அரசியலையும் மக்கள் வாழ்நிலையையும் பேசுகையில் நமக்கும் அதுவே அளவுகோல்.